ஒரே வேதம், இரண்டு பக்கம்: சஞ்சிக்கூலி ஒழிந்த வரலாறும் நீதியின் கூட்டுப் பொறுப்பும்



கோல சிலாங்கூர் நகருக்கு எதிரே, சிலாங்கூர் ஆற்றின் வடகரையில் இருக்கிறது பாசிர் பெனம்பாங். வெளியூர்க்காரர்களுக்கு அது மீன், இறால் வாங்கிப் போகும் ஊர். ஆனால் இந்த வட்டாரத்தில் தமிழர் வாழ்ந்த கதை ஆற்றங்கரையில் இல்லை. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை என்று உள்ளே போகப் போக வரும் தோட்டங்களில்தான் இருக்கிறது. 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியதும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம்தான். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமாரம். பெயரிலேயே தமிழ் கேட்கிறது, இல்லீங்களா?

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும்போது ஒரு மாணவன் கேட்டான்: "சார், 1910-லயே சஞ்சிக்கூலி முறைய நிப்பாட்டிட்டாங்கன்னு எழுதச் சொல்றீங்க. அப்புறம் ஏன் எங்க கொள்ளுத்தாத்தா துரையப் பாத்தா சைக்கிள விட்டு இறங்கணும்னு வீட்டுல சொல்றாங்க?"

நான் திருப்பிக் கேட்டேன்: "நிப்பாட்டினது யாரு?" வகுப்பே சொன்னது: "பிரிட்டிஷ் அரசாங்கம் சார்."

மதிப்பெண்ணுக்கு அந்தப் பதில் போதும். ஆனால் அந்தப் பையனின் கேள்விக்கு அது பதில் ஆகாது. ஓர் அநியாயத்தை யார் நிறுத்துகிறார்கள், எப்படி நிறுத்துகிறார்கள், நிறுத்திய பிறகும் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு நம்மில் பலர் பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கும் ஒரு கிறிஸ்தவரின் கதையையும், அவரோடு சேர்ந்து நின்றவர்களின் கதையையும் எடுத்துக்கொள்வோம்.

சஞ்சிக்கூலி என்பது என்ன?

பிரிட்டிஷ் பேரரசு 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ஒப்பந்தக் கூலி முறை. நம் முன்னோர் வாயில் அது சஞ்சிக்கூலி. பிஜியில் 'அக்ரிமெண்ட்' என்ற சொல் திரிந்து 'கிர்மிட்' ஆனது.

தொழிலாளி ஒரு தாளில் கைநாட்டு வைப்பார். குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் வேலை செய்ய வேண்டும். மலாயாவில் கப்பல் செலவு கடனாகக் கணக்கில் ஏறி, கூலியில் கழிக்கப்பட்டது. இடையில் வேலையை விட்டுப் போனால் அது குற்றம், சிறைக்கும் அனுப்பலாம். கடனைத் தராதவன் மீது வழக்குப் போடுவது வேறு. வேலையை விட்டவனைக் குற்றவாளி ஆக்குவது வேறு. இந்த இரண்டாவதுதான் சஞ்சிக்கூலியின் உயிர்நாடி. மாணவர்கள் இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே நம்பிக்கை, எதிரெதிர் பக்கம்

1838இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் இந்தியக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவின் டெமராரா, அதாவது இன்றைய கயானா, போய்ச் சேர்ந்தன. இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை. டெமராராவில் பெரிய தோட்ட முதலாளி. பக்தியுள்ள கிறிஸ்தவர், தேவாலயங்கள் கட்டக் காசு கொடுத்தவர்.

அடுத்த ஆண்டே ஜோசப் ஸ்டர்ஜ் என்பவர் அடிமை எதிர்ப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அவரும் கிறிஸ்தவர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இந்தச் சங்கத்தில் முன்னணியில் நின்ற ஜான் ஸ்கோபிள் டெமராராவுக்கே போய், கூலிகள் அடிபடுவதையும் நோயில் சாவதையும் வெளியே சொன்னார். எதிர்ப்பு எழுந்தது. ஆள் ஏற்றுவது சில ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு மறுபடி தொடங்கியது.

இருவர் கையிலும் இருந்தது ஒரே வேதம். ஒருவர் தேவாலயம் கட்டினார், கூலிகளையும் இறக்குமதி செய்தார். இன்னொருவர் அந்தக் கூலிகளுக்காகக் குரல் கொடுத்தார். நம் தோட்டங்களிலும் அப்படித்தான். வெள்ளைக்காரத் துரைமார்களும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்தவர்கள்தான். எனவே 'கிறிஸ்தவம் கூலி முறையை ஒழித்தது' என்று எழுதினால் அது தவறு. 'கிறிஸ்தவம் கூலி முறையை ஆதரித்தது' என்று எழுதினாலும் தவறு. நம்பிக்கை தானாக நீதி ஆகிவிடாது. பாதிக்கப்பட்டவன் வசிக்கும் லயத்துக்குள் ஒருவர் கால் எடுத்து வைக்கும்போதுதான் அது நீதியின் பக்கம் திரும்புகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருச்சபைகளுக்குள்ளும் இந்த எண்ணம் வலுத்தது. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், நியாயமான கூலியும் சங்கம் அமைப்பதும் முதலாளி போடும் பிச்சை அல்ல, தொழிலாளியின் உரிமை என்ற கருத்தை முன்வைத்தது. தர்மம் வேறு, நீதி வேறு என்பதை உலகம் மெல்ல மெல்லப் படித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆண்ட்ரூஸ் என்ற பாதிரியார்

சார்லஸ் ஃப்ரியர் ஆண்ட்ரூஸ் 1871இல் இங்கிலாந்தில் நியூகாசிலில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து ஆங்கிலிக்கன் குருவானவர். 1904இல் டில்லி செயின்ட் ஸ்டீஃபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 1906இல் அந்தக் கல்லூரியின் முதல்வர் பதவி காலியானபோது, வெள்ளைக்காரர்தான் வர வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்காமல், சுசீல் குமார் ருத்ரா என்ற இந்தியக் கிறிஸ்தவர் முதல்வராக ஆதரவாக நின்றார். ருத்ராதான் அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர்.

1914 ஜனவரியில், கோகலேயின் வேண்டுகோளின்படி, டபிள்யூ. டபிள்யூ. பியர்சன் என்ற நண்பரோடு தென்னாப்பிரிக்கா போனார். டர்பன் துறைமுகத்தில் காந்தியைப் பார்த்ததும் குனிந்து அவர் காலைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர்களுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. அதே ஆண்டில் தாகூரின் சாந்திநிகேதனில் சேர்ந்தார், குருத்துவப் பணியிலிருந்தும் விலகி நின்றார். ஆனால் கிறிஸ்துவை விட்டு விலகவில்லை. ஏழையிடம்தான் கிறிஸ்துவைப் பார்க்க முடியும் என்பது அவருடைய பிடிவாதம்.

1915இல் அவரும் பியர்சனும் பிஜித் தீவுக்குப் போனார்கள். அங்கே 1879 முதல் இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இறக்கப்பட்டிருந்தார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. மொத்தம் வந்த சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 15,000 பேர் தென்னிந்தியர். பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களை நினைத்து உருகிப் பாடியது நம் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆண்ட்ரூஸ் துரை பங்களாவோடு நின்றுவிடவில்லை. கூலி லயங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடமே பேசினார். 1916இல் வெளிவந்த அறிக்கையில் ஆள்சேர்ப்பில் நடந்த ஏமாற்று, நெருக்கடியான லயங்கள், தற்கொலைகள், 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற சட்டக் கணக்கு உண்டாக்கிய கொடுமைகள் எல்லாம் பதிவாயின. 1917இல் மீண்டும் பிஜி போனார். ஏழைகளின் நண்பன் என்ற பொருளில் 'தீனபந்து' என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1920களில் மலாயாவுக்கும் வந்து இந்தியத் தொழிலாளர்களின் நிலையைப் பார்த்தார். 1940 ஏப்ரலில் கல்கத்தாவில் காலமானார்.

ஒரே ஆள் செய்த வேலையா?

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். 'ஆண்ட்ரூஸ் கூலி முறையை ஒழித்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், மறுபடியும் தவறுதான். காலவரிசையைப் பாருங்கள்.

1910இல் ஜே. டபிள்யூ. பர்ட்டன் என்ற மெதடிஸ்ட் மிஷனரி, பிஜியில் தாம் கண்டதைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

1912 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே, வைசிராயின் சட்டசபையில் ஒப்பந்த முறையை முழுக்க ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 22, எதிர்ப்பு 33. தீர்மானம் தோற்றது. ஆனால் அந்த 22 வாக்குகள் இந்தியப் பிரதிநிதிகளின் ஒருமித்த குரலாக ஒலித்தன.

1913இல் குந்தி என்ற பெண் தொழிலாளி, பிஜியில் ஒரு மேற்பார்வையாளன் தன்னைக் கெடுக்க முயன்றபோது ஆற்றில் குதித்துத் தப்பினாள். சிறு படகில் இருந்த ஒரு பையன் அவளைக் காப்பாற்றினான். அவளுடைய வாக்குமூலம் கல்கத்தாவின் 'பாரத் மித்ரா' பத்திரிகையில் வந்தது. நாடே கொதித்தது. ஆண்ட்ரூஸ் பிஜிக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே அவள் பேசிவிட்டாள் என்பதைக் கவனியுங்கள்.

1916 மார்ச்சில் மதன் மோகன் மாளவியா மீண்டும் தீர்மானம் கொண்டுவந்தார். வைசிராய் ஹார்டிஞ் கொள்கை அளவில் ஏற்றார், ஆனால் நாள் குறிக்கவில்லை. 1917 தொடக்கத்தில் அலகாபாத்தில் சரோஜினி நாயுடு இதற்கு எதிராகப் பேசினார். பெண்கள் குழு ஒன்று வைசிராய் செம்ஸ்ஃபோர்டை நேரில் சந்தித்து முறையிட்டது. 1917 மார்ச்சில் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1920 ஜனவரி 1ஆம் தேதி பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்தாயின.

இந்து, பார்சி, முஸ்லிம், கிறிஸ்தவர், படித்தவர், கைநாட்டு வைத்தவர் எல்லாரும் இந்தச் சங்கிலியில் இருக்கிறார்கள். ஒரு கண்ணி அறுந்திருந்தால் வேலை நடந்திருக்காது. கோகலேக்கு வாதம் இருந்தது, நேரில் பார்த்த சாட்சி குறைவு. குந்தியிடம் சாட்சி இருந்தது, சபையில் இடம் இல்லை. ஆண்ட்ரூஸிடம் வெள்ளைத் தோல் இருந்தது. அதிகாரிகள் அவரை 'கலகக்காரன்' என்று எளிதாக ஒதுக்க முடியவில்லை. தன்னிடம் இருந்த அந்தச் சலுகையை அவர் தனக்காகச் செலவழிக்கவில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆண்ட்ரூஸின் எழுத்தில் லயத்துப் பெண்கள் பல இடங்களில் ஒழுக்கம் இழந்தவர்களாகத் தெரிகிறார்கள். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் இதை விமர்சித்திருக்கிறார்கள். நல்ல மனசு இருந்தாலும், பிறருக்காகப் பேசும்போது இப்படி நடக்கும். அதனால்தான் நீதியை ஒருவர் கையில் மட்டும் விட்டுவிட முடியாது. பாதிக்கப்பட்டவரின் சொந்தக் குரலும் சேர வேண்டும்.

மலாயாவில் 1910: பெயர் போனது, பிடி போகவில்லை

இப்போது நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். மலாயாவில் சஞ்சிக்கூலி ஆள்சேர்ப்பு 1910இல் நின்றது, பிஜிக்கு முன்பாகவே. காரணம் முதலாளிகளின் மனமாற்றம் மட்டும் அல்ல. முறைகேடுகள் வெளிவந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ரப்பர் விலை ஏறிய நேரம். 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியில் முதலாளிகள் பணம் கட்டினார்கள், அதிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. கங்காணி ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தங்களையே கூட்டி வந்தார். சட்டத்தின்படி அவர்கள் 'சுதந்திரத் தொழிலாளர்கள்'. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் நடைமுறை? கடையில் கடன், கங்காணியிடம் கடன், கள்ளுக்கடையில் பாதிச் சம்பளம். வெளியாள் தோட்டத்துக்குள் வர வேண்டுமானால் துரையின் அனுமதி வேண்டும். தாள் போய்விட்டது, கடனும் பயமும் அதே வேலையைச் செய்தன.

மாற்றங்கள் வராமல் இல்லை. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன் பின் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்தார். 1923 தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. இங்கே வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் நிற்கும் பல பள்ளிகளின் வேரே அந்தச் சட்டம்தான். 1816 அக்டோபர் 21இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கக் காரணமான ஹட்சிங்ஸும் ஒரு பாதிரியார்தான் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

1937இல் சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை கங்காணி ஆள்சேர்ப்பு வேண்டாம் என்றது. 1938 ஜூன் 15 முதல் உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது.

1941: தோட்டத்து ஆட்களே பேசினார்கள்

அதற்கு மூன்றே ஆண்டுகளில், ஆண்ட்ரூஸ் காலமான மறு வருடம், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது சிலாங்கூரின் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை செய்த ஆர். எச். நாதன் முன்னணியில் நின்றார். அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுதல், பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை. அதோடு இன்னொன்று: துரை, கிராணி முன்னால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற உரிமை.

"பார்த்தியாப்பா, உன் கொள்ளுத்தாத்தா சொன்னது புக்குல இருக்கு" என்றேன் அந்த மாணவனிடம்.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பிறகு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியல் சாகவில்லை. போருக்குப் பின் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜான் திவி, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர், நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது.

பெண்களின் மானம் பற்றி 1916இல் ஒரு வெள்ளைக்காரர் எழுதினார். 1941இல் அதே விஷயத்தைத் தோட்டத்து ஆட்களே கோரிக்கையாக வைத்தார்கள். முதலாவது இரக்கம் கலந்த நீதி. இரண்டாவது உரிமை. முதலாவதை மதிக்கலாம், ஆனால் இரண்டாவது வரும்வரை வேலை முடியவில்லை.

இன்று அந்த லயங்களில் யார்?

கோல சிலாங்கூர் பக்கம் இன்று ரப்பர் குறைந்து செம்பனை நிறைந்திருக்கிறது. தமிழர் பலர் டவுன்களுக்குப் போய்விட்டார்கள். நம் ஆட்கள் இருந்த இடத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் வேலை செய்கிறார்கள். பலர் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். 2020 டிசம்பரில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உண்டு என்று சொல்லி, மலேசியாவின் பெரிய செம்பனை நிறுவனம் ஒன்றின் எண்ணெயை அமெரிக்கா தடுத்து நிறுத்தியது. தொழிலாளர் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணம் திருப்பித் தரப்பட்டு, சீர்திருத்தங்கள் நடந்த பிறகு 2023இல் தடை நீங்கியது. கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலக உடன்பாட்டின் 2014 நெறிமுறையை மலேசியா 2022 மார்ச்சில் ஏற்றது.

கடன், கையெழுத்து, தூர தேசம். வார்த்தைகள் பழையவைதான், ஆட்கள் மாறியிருக்கிறார்கள். நம் பாட்டன்மாருக்காக ஓர் ஆங்கிலேயர் பிஜிவரை போனார். நம் ஊர் ஒட்டுக்கடையில் பக்கத்து மேசையில் சாப்பிடும் நேப்பாளிக்காக நாம் எவ்வளவு தூரம் போவோம்? கோயிலுக்குப் போகிறவர்களும், சர்ச்சுக்குப் போகிறவர்களும், பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

தேர்வு மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

ஒன்று: 'ஒழிப்பு' பற்றி எழுதும்போது ஆண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மலாயாவில் ஆள்சேர்ப்பு நின்றது 1910. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலி அனுப்புவது நின்றது 1917. பிஜியில் ஒப்பந்தம் ரத்தானது 1920. கங்காணி வழி உட்பட உதவி பெற்ற குடிபெயர்வு நின்றது 1938.

இரண்டு: காரணங்களைப் பிரித்து எழுதுங்கள். பொருளாதாரக் காரணம், மனசாட்சிக் காரணம், அரசியல் அழுத்தம், தொழிலாளரின் எதிர்ப்பு. நான்கும் இருந்தால்தான் விடை முழுமை பெறும்.

மூன்று: ஒரு தனிமனிதரைப் பற்றி எழுதினாலும், அவருக்கு முன்னால் பேசியவர் யார், பின்னால் தொடர்ந்தவர் யார் என்று ஒரு வரி சேருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீழ்க்காணும் கேள்விகளை வகுப்பில் குழுவாகப் பேச விடுங்கள். ஜான் கிளாட்ஸ்டனும் ஜோசப் ஸ்டர்ஜும் ஒரே நம்பிக்கை உடையவர்கள், ஏன் எதிரெதிராக நின்றார்கள்? 1912இல் தோற்ற தீர்மானத்தால் என்ன பயன்? 1941 கோரிக்கைகளில் எவை காசு பற்றியவை, எவை மரியாதை பற்றியவை?

கடைசிக் கேள்விக்கு முன், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பித் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பால்மரக் காட்டில் நின்றவர்கள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வதும் நீதியின் ஒரு பங்குதான்.